ஆயிரத்து ஒன்பதாவது விளக்கு

ஆயிரத்தெட்டு என்ற எண்ணுக்கு நம் ஆட்களிடம் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. ஆயிரத்தெட்டுப் பெயர் சொல்லி அர்ச்சனை செய்கிறார்கள், ஆயிரத்தெட்டுச் சங்கு வைத்துப் பூசை செய்கிறார்கள். அதற்கு அடுத்து நிற்கும் எண்ணை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எனக்கோ அந்த அடுத்த எண்ணோடுதான் பழக்கம். பத்து வயதில் அதோடு கட்டிப் புரண்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆத்திரம் எண்ணின் மேல் இல்லை. அது பாவம், தன் குணப்படி இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டார்களே, அவர்கள் மேல்தான்.

நான் ஐந்தாம் வகுப்பைக்கூட முழுசாக முடிக்காதவள். கணக்கைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தே இதை இத்தனை காலம் எழுதாமல் இருந்தேன். கீழே வரும் பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரி பார்த்துவிட்டேன். அப்படியும் எங்காவது பிசகியிருக்குமோ என்று இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன். பிசகியிருந்தால் அது என் தவறு. நடந்தது மட்டும் என் தவறு இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில், பூண்டுலோயா என்ற ஊருக்கு மேலே இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மாரியம்மன் திருவிழா. அந்த வருஷம் பெரிய கங்காணி கப்பலில் இந்தியாவுக்குப் போய்த் திரும்பியிருந்தார். போன இடத்தில் ஏதோ ஒரு கோயிலில் ஆயிரத்தெட்டு விளக்குப் பூசையைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. நம் தோட்டத்திலும் அதேபோல வைக்க வேண்டும் என்று வந்த மறுநாளே சொல்லிவிட்டார். துரைக்கு அடுத்தபடி எங்களுக்கு அவர்தான் என்பதால், அவர் சொன்னதை ஏன் என்று கேட்கிற வழக்கம் இல்லை.

எங்கள் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயங்களில் மொத்தம் நூற்றிருபத்தாறு காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. வீட்டுக்கு எட்டு அகல் விளக்கு என்றால் சரியாக ஆயிரத்தெட்டு வருகிறது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பெரிய கங்காணி பார்க்கிறவர்களிடம் எல்லாம், "அம்மாளே கணக்குப் போட்டுக் குடுத்திருக்கு பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

ஆனால் திருவிழாச் செலவுக்கு வசூல் பண்ணியது வீட்டுக் கணக்கில் இல்லை. அது பேர்க் கணக்கு. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற ஒவ்வொருவர் சம்பளத்திலும் பிடித்தார்கள். அம்மாவுக்குப் பிடித்தார்கள், அப்பாவுக்குப் பிடித்தார்கள், எங்களோடு இருந்த அத்தைக்கும் பிடித்தார்கள். வாங்கும்போது ஆளை எண்ணினார்கள், விளக்கு வைக்கும்போது கதவை எண்ணினார்கள். இதில் எதுவும் தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை, அத்தை ஒருத்தியைத் தவிர.

அத்தை அப்பாவின் தங்கை. அவளுடைய புருஷன், தாயாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இந்தியாவுக்குக் கப்பல் ஏறினவர், வரவே இல்லை. தனி ஆளுக்குக் காம்பரா கிடையாது என்று அவள் இருந்த அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் எங்களோடு வந்து சேர்ந்தாள். அடுப்படிப் பக்கம் படுத்துக்கொள்வாள். பிள்ளை குட்டி இல்லை. வாய் மட்டும் உண்டு. என்னை 'மருமவளே' என்றுதான் கூப்பிடுவாள். அவள் வாயைத் திறந்தால் எனக்குப் பயமாக இருக்கும், யாரோடு சண்டை வந்துவிடுமோ என்று. ஆனால் கூடவே சிரிப்பும் வந்துவிடும்.

அத்தை பூண்டுலோயாக் கடைக்குப் போனபோது தனக்கென்று ஓர் அகல் வாங்கி வந்தாள். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து, அடுப்படி மாடத்தில் வைத்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் எட்டு அகலையும் எடுத்து அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள். அது எனக்குப் பயமாக இருந்தது.

திருவிழாவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. கோயிலுக்கு முன்னால் இருந்த சமதரையில்தான் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு நிற்கும். அந்தத் தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, புதுக்கன்று நடுவதற்கு மலையில் கயிறு பிடித்துக் குச்சி அடிப்பார்களே, அதே கயிற்றையும் குச்சியையும் கொண்டுவந்து கோடு போட்டார்கள். இருபத்தெட்டு நிரை, நிரைக்கு முப்பத்தாறு விளக்கு. தேயிலைச் செடி நிற்பதும் நிரையில், கொழுந்து எடுக்கிறவர்கள் நிற்பதும் நிரையில், எங்கள் லயங்கள் நிற்பதும் நிரையில். சாமிக்கும் அப்படித்தான் பிடிக்கும் என்று பெரிய கங்காணி நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நாற்காலி போட்டு எங்கள் பள்ளிக்கூடத்து மாஸ்டரும் உட்கார்ந்திருந்தார்.

அத்தை நேராகப் போய் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

"கங்காணி ஐயா, எனக்கு ஒரு வெளக்கு வைக்க எடம் வேணுங்க."

"ஒங்க அண்ணன் வீட்டு எட்டு வருதுல்ல? அதுல ஒண்ணு ஒன்னோடதுன்னு நெனச்சுக்க."

"அது மதினி தேச்சுக் கழுவி வச்ச எட்டுங்க. அதுல பங்கு கேட்டேன்னா மதினி என்னைய லயத்த விட்டே தொரத்திரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்தான் சிரித்தாள்.

"சிரிக்கிறதுக்குச் சொல்லலீங்க," என்றாள் அத்தை. "சம்பளத்துல புடிக்கையில என் பேருக்குத் தனியாத்தானே புடிச்சீங்க? வெளக்கு வைக்கையில மட்டும் நான் எங்க போயிட்டேன்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெரிய கங்காணி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் துண்டை உதறினால் கோபம் வருகிறது என்று அர்த்தம்.

"ஏம்மா, இது ஆயிரத்தெட்டு வெளக்குப் பூச. ஒண்ணு கூடினா ஆயிரத்தொம்பது. நெரை கெட்டுப்போகும். சாமி குத்தமாயிரும். ஒன் ஒருத்திக்காகத் தோட்டமே சாமி குத்தத்துக்கு ஆளாகணுமா?"

அத்தை பதிலுக்கு என்ன சொல்லப்போகிறாளோ என்று எனக்குப் பயம். அவள் சொல்வதற்குள் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில், "வேற மாதிரி நெரை புடிச்சா வைக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

பெரிய கங்காணி குனிந்து என்னைப் பார்த்தார். "இது படிக்கிற புள்ளதானே, மாஸ்டர்?"

"ஆமாங்க. கணக்கெல்லாம் நல்லாப் போடும்," என்றார் மாஸ்டர்.

"அப்பச் சரி. ஏ புள்ள, நீயே கணக்குப் போட்டுட்டு வா. ஆயிரத்தொம்பது வெளக்கு. எல்லா நெரையிலயும் ஒரே அளவு இருக்கணும். ஒண்ணு கூடக் கூடாது, கொறையக் கூடாது, மிஞ்சவும் கூடாது. அப்படி ஒரு வழி கொண்டாந்துட்டேன்னு வையி, ஒங்க அத்தை வெளக்குத்தான் மொத வெளக்கு. என்னாங்க மாஸ்டர்?"

மாஸ்டர் புன்னகை செய்தார். "போடு, போடு. போட்டுப் பாரு," என்றார். அந்தப் புன்னகையை நான் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட்டேன். சிலேட்டில் போட்டால் மட்டும் நம்பிக்கை வராது என்று, பழைய நாற்றுமேட்டுப் பக்கம் விழுந்து கிடந்த தேயிலைக் கொட்டைகளில் ஆயிரத்தொன்பதை எண்ணிப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும். அவற்றை லயத்து வாசலில் பரப்பினால் தம்பி வந்து கலைப்பான், கோழி வந்து சீய்க்கும். அம்மா, "இந்த வீட்டுல அரிசி பொறுக்க ஆளில்ல, கொட்டை பொறுக்க ஆளிருக்கு," என்பாள். ஆனால் மழைத் தூறல் வந்தால் அம்மாதான் முதலில் ஓடிவந்து சாக்கைப் பிடிப்பாள்.

இரண்டிரண்டாக வைத்தேன், ஒன்று மிஞ்சியது. மூன்றில் ஒன்று மிஞ்சியது. நான்கிலும் ஒன்று. ஐந்தில் நான்கு மிஞ்சியதும் எனக்கு நம்பிக்கை வந்தது, எண் கொஞ்சம் அசைகிறது என்று. ஆறில் மறுபடியும் ஒன்று. ஏழில், எட்டில், ஒன்பதில் எல்லாம் ஒன்றுதான். பன்னிரண்டிலும் பதினான்கிலும் பதினாறிலும் அதே ஒன்று, வாசலில் தனியாக உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. ஆயிரத்தெட்டு எவ்வளவு சமர்த்து எண் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எப்படிச் சொன்னாலும் கைகட்டி நிரையில் நின்றுவிடும். அது சமர்த்தாக நிற்க நிற்க, அடுத்து வருகிற ஒன்று தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தது.

அப்பா வேலை விட்டு வந்ததும் கேட்பார்: "எம்புட்டு மிச்சம்?"

"ஒண்ணுப்பா."

"திரும்பவும் ஒண்ணா?" என்று பெருமூச்சு விடுவார். நான்தான் அந்த ஒன்றைச் செய்தது போல எனக்குக் குற்றமாக இருக்கும்.

பத்தொன்பதில் இரண்டு மிஞ்சியது. அத்தைக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இருபத்துமூன்றில் இருபது மிஞ்சியது. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இருவது பேரா? அப்ப நாங்க தனியா ஒரு திருவிழா வச்சுக்குவோம் மருமவளே. கங்காணிய வேணும்னா கூப்புட்டுக்கலாம்."

அவளுக்கு விளையாட்டு. எனக்கு விளையாட்டு இல்லை. சோறு இறங்கவில்லை. தூங்கினால் கனவில் கொட்டை உருண்டது. நான் வழி கண்டுபிடிக்காவிட்டால் அத்தைக்கு விளக்கு இல்லை. விளக்கு இல்லாவிட்டால் அத்தை சும்மா இருக்கமாட்டாள். சும்மா இல்லாவிட்டால் பெரிய கங்காணி அப்பாவை வேலையில் ஏதாவது செய்துவிடுவார். அப்புறம் நாங்கள் எல்லாரும் எங்கே போவது? இப்படியே போகும் என் நினைப்பு. முப்பதைத் தாண்டினேன், நாற்பதைத் தாண்டினேன். சிலேட்டில் பல்பம் தேய்ந்து நகம் கீறும்வரை போட்டேன். அந்த எண் மசியவே இல்லை.

ஒருநாள் மாலை வாசலில் உட்கார்ந்திருந்தபோது, எதிர் மலையிலிருந்து பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு நிறுவைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒற்றையடிப் பாதைதான். இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, பாதை வளைந்த இடத்தில் வளைந்து, இறங்கிய இடத்தில் இறங்கி வந்தார்கள். கடைசியில் அத்தை வந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. யாரும் மிஞ்சவும் இல்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரே நிரை! ஆயிரத்து ஒன்பதையும் ஒரே நிரையாக வைத்தால் எது மிஞ்சும்? கோயில் படியிலிருந்து தொடங்கி, வண்டிப் பாதை வழியாக இறங்கி, ஒவ்வொரு லயத்து வாசலையும் தொட்டுக்கொண்டு கடைசி லயம் வரைக்கும் கொண்டுபோகலாம். கூடுதல் இல்லை, குறைவு இல்லை, மிச்சம் இல்லை. அவர் சொன்ன மூன்றும் சரி.

அன்றைக்கே போய்ச் சொன்னேன். நிறுவை முடிந்து பெண்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். பெரிய கங்காணியும் மாஸ்டரும் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பயத்தில் நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "நல்லாத்தான இருக்கும்? நம்ம வாசல் வழியா அம்மாளுக்கு வெளிச்சம் போகும்ல."

பெரிய கங்காணி மாஸ்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'என்ன இது?' என்ற கேள்வி இருந்தது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒத்த நெரையெல்லாம் ஒரு நெரையா? ஒண்ணால எதத்தான் வகுக்க முடியாது? ஒண்ணெல்லாம் கணக்குல சேராது, புள்ள." பிறகு கங்காணியின் பக்கம் திரும்பி, "நான் அன்னைக்கே போட்டுப் பாத்துட்டேங்க. அது எதுலயும் போகாத எண்ணு. இந்தப் புள்ள எவ்வளவு தூரம் போகுதுன்னு பாப்போம்னுதான் விட்டேன்," என்றார்.

பெரிய கங்காணிக்கு நிம்மதி வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். "பலே ஆயிரத்தொம்பது!" என்று என் தலையில் தட்டினார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் அதுவே என் பெயராகிவிட்டது. மாஸ்டரே அப்படித்தான் கூப்பிட்டார். "ஆயிரத்தொம்பது, பலகையைத் துடை." பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? காலையில் எழுந்தாலே எனக்கு வயிற்றை வலித்தது. வலிக்கிறது என்று வீட்டில் நின்றேன். ஒருநாள் இரண்டு நாள் என்று தொடங்கியது, திருவிழாவுக்குப் பிறகு முழுசாகவே நின்றுவிட்டது. யாரும் வந்து கேட்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளை குறைந்தால் எந்த நிரை கெடுகிறது?

தெரிந்துகொண்டே மாஸ்டர் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முடியாது என்று தெரிந்த ஒன்றை 'போட்டுப் பாரு' என்று ஒரு குழந்தையிடம் சொல்லலாமா? அதையும் மீறி அந்தக் குழந்தை ஒரு வழி கொண்டுவந்தால், அந்த வழி வழியே இல்லை என்று சொல்லலாமா?

'ஒண்ணெல்லாம் கணக்குல சேராது' என்று மாஸ்டர் சொன்னபோது அத்தை கூடையோடு அங்கேதான் நின்றிருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கூடையைச் சரிசெய்துகொண்டாள். என் கையைப் பிடித்து, "வா மருமவளே, ஒல வைக்கணும்," என்று கூட்டிக்கொண்டு நடந்தாள்.

திருவிழா வந்தது. மத்தியானமே ஆயிரத்தெட்டு விளக்கையும் கோட்டின்மேல் வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டுவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பொழுது சாய்ந்து விளக்கேற்றப்போகிற நேரம். வெட்டுக்கென்று மாலை போட்டுக் கட்டி வைத்திருந்த கிடா, தப்பு மேளச் சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. அறுத்துக்கொண்டு வேறு எங்கேயும் போகவில்லை, விளக்குகளுக்கு நடுவில்தான் ஓடியது. பெரிய கங்காணி, "புடிங்கடா, புடிங்கடா!" என்று கத்திக்கொண்டே தானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நிரை கெடக் கூடாதே என்று ஆட்கள் கோட்டைத் தாண்டித் தாண்டிக் குதித்தார்கள். கிடாவுக்குத்தான் அந்த அக்கறை இல்லை. அது பிடிபட்டபோது ஒரே ஒரு விளக்கு உடைந்திருந்தது.

மிச்சம் விளக்கு எந்த வீட்டிலும் இல்லை. வீட்டுக்கு எட்டு என்று எண்ணித்தான் கொடுத்திருந்தார்கள். அப்போது யாரோ சொன்னார்கள், ஒரு விளக்கு இருக்கிறதே என்று.

பெரிய கங்காணி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்தார். நானும் கூடவே ஓடினேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசியில் அம்மாளே வழி பண்ணிவிட்டாள் என்று நினைத்தேன். அத்தை திருவிழாவுக்கு வரவில்லை, காம்பராவில்தான் இருந்தாள்.

"தங்கச்சி, ஒன் வெளக்கை எடு. கங்காணி கேக்குறாரு."

அத்தை எழுந்திருக்கவில்லை. "என் வெளக்கக் கேட்டாரா அண்ணே, இல்ல ஒடஞ்ச வெளக்குக்குப் பதிலாக் கேட்டாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லண்ணே."

"ஒடஞ்ச எடத்துல வைக்கத்தான் கேக்குறாங்க. எப்படியோ நெரையில வைக்கிறோம்ல? ஒனக்கு அதுதானே வேணும்?"

"அது யாரோ வச்ச எடம். நான் எனக்கு ஒரு எடம் கேட்டேன். போயி இல்லைன்னு சொல்லிருங்க. நான் சொன்னதாவே சொல்லுங்க."

அப்பா கெஞ்சினார், பிறகு திட்டினார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெறுங்கையோடு திரும்பினார். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். பெரிய கங்காணி என்ன செய்வாரோ, சாமி என்ன செய்யுமோ என்று எனக்கு ஒரே பயம். ஆயிரத்தேழு விளக்கு! ஒன்று கூடினாலே தோட்டம் முழுவதும் குற்றத்துக்கு ஆளாகும் என்றாரே, ஒன்று குறைந்தால் மலையே சரிந்துவிடாதா?

பெரிய கங்காணி அப்பா சொன்னதைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

"சரி விடு. ஒண்ணு கொறஞ்சா சாமி எண்ணியா பாக்கப் போகுது? அந்த நெரையில இருக்குறதக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைங்கடா. தெரியாது."

தள்ளித் தள்ளி வைத்தார்கள். உண்மையாகவே தெரியவில்லை. இருபத்தேழு நிரையில் முப்பத்தாறு, ஒரு நிரையில் முப்பத்தைந்து. மணி அடித்துக் கற்பூரம் காட்டினார்கள். மாஸ்டர் முன்வரிசையில் நின்று கும்பிட்டார். மலை சரியவில்லை.

ஒரு நிரையில் முப்பத்தைந்து வைக்கலாம் என்றால் ஒரு நிரையில் முப்பத்தேழும் வைத்திருக்கலாம். கொஞ்சம் நெருக்கி நெருக்கி வைத்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. இதற்கு ஒரு கணக்கும் தேவையில்லை, ஒரு சாக்குக் கொட்டையும் தேவையில்லை. இது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் அவர்கள் சொன்ன விதியை நம்பிக்கொண்டிருந்தேன்.

பல வருஷத்துக்குப் பிறகு என் மகன் மேல்வகுப்புக்குப் போனபோது, அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தான்: 'ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் முதன்மை எண் எனப்படும்.' நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டேன். திரும்பப் படிக்கச் சொன்னேன். ஒன்றாலும்! புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நான் சொன்ன ஒற்றை நிரை புத்தகத்தில் இருக்கிறது, மாஸ்டரின் கணக்கில்தான் இல்லை. ஆயிரத்தொன்பது அப்படிப்பட்ட எண்ணா என்று கேட்டேன். அவன் கொப்பியில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றான். முப்பத்தொன்று வரைக்கும் வகுத்துப் பார்த்தால் போதுமாம். அதற்கு மேலே ஓர் எண் அதை வகுக்கும் என்றால், அதன் ஜோடி எண் கீழேயே அகப்பட்டிருக்குமாம். திருப்பி எழுதினால் வருகிற ஒன்பதாயிரத்து ஒன்றும் இதே ஜாதிதான், எதற்கும் மசியாது என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொன்றோடு நிறுத்தலாம் என்று அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால் என் நகமாவது தப்பியிருக்கும்.

இந்தியாவில் இதையே பகா எண் என்கிறார்களாம். அதை அத்தையிடம் சொல்ல அவள் இங்கே இருந்திருக்க வேண்டும். அவளைத்தான் அரசாங்கம் அந்த இந்தியாவுக்கே அனுப்பிவிட்டதே. யார் இந்த நாட்டில் இருக்கலாம், யார் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று பிரித்தபோது, இங்கே இருப்பதற்கான குடியுரிமை எங்கள் குடும்பத்துக்கு எழுதி வந்தது. அவளுக்கு வரவில்லை. அண்ணன் குடும்பத்தோடு ஒரே காம்பராவில் ஒரே உலையில் சாப்பிட்டவள் என்று அப்பா கந்தோர் கந்தோராக, எந்த ஆபீஸையும் விடாமல், ஏறி இறங்கினார். அதெல்லாம் கிடையாது, அவள் தனி ஆள் என்று சொல்லிவிட்டார்கள். விளக்கு வைக்கக் கேட்டபோது அவள் எங்கள் வீட்டில் ஒருத்தி. கப்பல் ஏற்றும்போது அவள் தனி ஆள். எந்தப் பக்கம் வகுத்தாலும் மிஞ்சினவள் அவள்தான். ஆயிரத்து ஒன்பது விளக்கில் எது ஆயிரத்து ஒன்பதாவது என்று எந்த விளக்கிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு கை நீண்டு, இது என்று ஒன்றைத் தள்ளியது, அவ்வளவுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தத் திருவிழா அன்று நான் வீட்டுக்குத் திரும்பியபோது அத்தை எங்கள் வாசல்படியில் தன் அகலை ஏற்றி வைத்து, பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றுக்கு ஒரு கையை மறைப்பாகப் பிடித்திருந்தாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். தேடி வந்து கேட்டார்கள், கொடுத்திருந்தால் இந்நேரம் நிரையில் நின்றிருக்கும். அவளுக்காக நான் பட்ட பாடு எல்லாம் வீண்.

"இங்க வச்சா யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"நான் பாக்குறேன்ல," என்றாள்.

அதை ஒரு பதில் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வீம்பு என்று நினைத்தேன். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கோயில் பக்கம் பனிக்குள் தெரிந்த விளக்குகளை முதல் நிரையிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.